சயாமுக்குப் போனவர்களின் பெண்கள்

2024ஆம் ஆண்டு புரட்டாசியில் பெருங்களத்தூரிலிருந்து இருபத்திரண்டு பேர் தாய்லாந்துக்குச் சுற்றுலா போனோம். இருபத்திரண்டில் பதினேழு பேர் பெண்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், வங்கியில் வேலை பார்த்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க வீட்டில் தனியாக இருப்பவர்கள், என்னைப் போலக் கல்லூரியில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்த இருவர். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதல் பாஸ்போர்ட். புளியோதரைப் பொட்டலம், ஊறுகாய், மின்சாரக் குக்கர், மூட்டுவலித் தைலம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பாங்காக், பட்டாயா, பவளத் தீவு என்று வழக்கமான பட்டியல்தான். அதில் ஒருநாள் மட்டும் 'காஞ்சனபுரி - குவாய் நதி - ரயில் பயணம்' என்று இருந்தது. அந்த ஒருநாளுக்காகத்தான் நான் பணம் கட்டினேன். எனக்குத் தெரியாது, எங்கள் தெருவில் எல்லோரும் டீச்சரம்மா என்று கூப்பிடும் பெண்ணும் அந்த ஒருநாளுக்காகத்தான் வந்திருந்தார் என்று.

பாங்காக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பேருந்து கிளம்பியபோதே மழை பிடித்துக்கொண்டது. 2015 டிசம்பரில் முடிச்சூர்ப் பக்கம் அடையாற்றுத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். மழை பெய்தால் பேச்சு குறைந்துவிடும். பேருந்துக்குள் எல்லோரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். வழிகாட்டியான இளைஞர் மட்டும் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டாம் உலகப் போர், ஜப்பானியர், பிரிட்டிஷ் கைதிகள், ஆஸ்திரேலியக் கைதிகள், டச்சுக் கைதிகள், ஹாலிவுட் படம். தமிழர்களுக்குத் தமிழ்நாட்டு நிறுவனம் ஏற்பாடு செய்த சுற்றுலா அது. ஆனாலும் அந்தப் பேச்சில் தமிழர் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சரம்மா மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, எங்க தாத்தா செத்த இடம் இதுதானா?"

*

வரலாறு எளிதாகச் சொல்லக்கூடியதுதான். 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அடுத்து பர்மா. பர்மாவில் இருந்த படைக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்பினால் நேசநாட்டு நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. ஆகவே தாய்லாந்தின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டருக்கு இருப்புப்பாதை போட ஜப்பானிய ராணுவம் முடிவு செய்தது. குவாய் நொய் ஆற்றை ஒட்டி, மலையைக் குடைந்து, மூங்கில் காட்டை வெட்டி, மூன்று கோயில் கணவாய் வழியாகப் பாதை போனது. 1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17இல் இரு முனைகளும் இணைந்தபோது முடிந்தது.

போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர் அதில் வேலை செய்தார்கள். 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களோடு பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், தமிழர் என்று இரண்டு லட்சம் அளவுக்கு ஆசியத் தொழிலாளர்கள். இவர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதைவிடக் கூடுதல் என்று சொல்பவர்களும் உண்டு. கைதிகளின் சாவுக்குப் பட்டியல் இருக்கிறது, கூலிகளின் சாவுக்கு மதிப்பீடு மட்டும்தான் இருக்கிறது. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதியினர் ரப்பர் தோட்டத் தமிழர்கள்.

ஏன் இவ்வளவு சாவு என்ற கேள்விக்கு மழையில்தான் பதில் இருக்கிறது. 1943இல் பருவமழை கடுமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஜப்பானியப் பொறியாளர்கள் வேலையை விரைவுபடுத்தினார்கள். மே மாதத்திலிருந்து பாதை நெடுகிலும் காலரா. போர்க்கைதிகளுக்குச் சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதே, கழிப்பிடத்தைத் தள்ளித் தோண்டு என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த கூலிக்கு அப்படி யாரும் இல்லை. ஒழுகும் மூங்கில் கொட்டகை, ஆற்றுத் தண்ணீர், மலேரியா, சீதபேதி, காலில் எலும்பு தெரிய ஆழமான புண். நிலைமை கைமீறிய பிறகு 1943 நடுவில் போர்க்கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கொண்ட இரண்டு குழுக்களை ஜப்பானியர் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் குழுக்களில் பிழைத்து வந்தவர்களின் குறிப்புகளால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. தமிழர்களின் கடைசி நாட்களுக்குச் சாட்சி, அவர்கள் மொழி தெரியாத வெள்ளைக்காரக் கைதிகள்.

அந்த முகாம்களில் பெண்களும் இருந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். குடும்பத்தோடு வந்தால் குடும்பத்தோடு இருக்கலாம் என்ற பேச்சை நம்பிப் போனவர்கள். சாவு எண்ணிக்கையில் அவர்கள் தனியாக எங்கும் வருவதில்லை. கூலி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனதில் ஓர் ஆணின் உருவம் வந்துவிடுகிறது. அதற்குள் இந்தப் பெண்கள் மறைந்துபோகிறார்கள்.

*

தோட்டத்துப் பெண்களின் கதையைச் சயாமிலிருந்து தொடங்கினால் பாதிதான் தெரியும். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்களிலிருந்து தொடங்க வேண்டும். நம்முடைய மின்ரயில் போகும் அதே ஆவடிதான். வடாற்காடு, திருச்சி, தஞ்சை, சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்தவர்கள் அங்கே தங்கி, கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். உதவிப் பயணத்தில் கூலிகள் மலாயா போவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. அதற்குள் லயங்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது.

விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பால்மரத்தைச் சீவி, வாளி சுமந்து, மாலையில் சமைத்தவள் பெண். வெட்டு ஒன்றுதான், கூலி இரண்டு. 1930களில் ஆணுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடச் சொல்வது இருந்தது, துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கமாட்டோம் என்பது இருந்தது. தொழிலாளிப் பெண்களைத் துரைகளும் தோட்ட அதிகாரிகளும் பாலியல் தொல்லை செய்வதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. எழுதிக் கேட்கும் அளவுக்கு அது வெளிப்படையான கொடுமையாக இருந்திருக்கிறது. வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள்.

துரைகள் ஓடினார்கள். ரப்பரை வாங்க ஆள் இல்லை, பால் வெட்டு நின்றது. பர்மா அரிசி வரவில்லை. தோட்டத்தில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். துணி கிடைக்காமல் கோணிச் சாக்கைத் தைத்து உடுத்தினார்கள். ஜப்பானியர் அச்சடித்த வாழைமரம் போட்ட நோட்டுக்கு நாளுக்கு நாள் மதிப்புக் குறைந்தது. அந்தப் பசியில்தான் சயாம் வேலைக்கு ஆள் எடுக்கும் செய்தி வந்தது. நாளைக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, தங்குமிடம், மூன்றே மாதம். முதலில் சிலர் தாமாகப் போனார்கள். மூன்று மாதம் கழித்தும் யாரும் திரும்பவில்லை என்றதும் போவதற்கு ஆள் கிடைக்கவில்லை. பிறகு லாரிகள் வந்தன. ஒவ்வொரு தோட்டமும் இத்தனை பேர் தர வேண்டும் என்று கணக்கு வந்தது. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கொட்டகைக் கதவைப் பூட்டி ஆள் பிடித்ததாக மலேசியத் தமிழர்களின் வாய்மொழிகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இந்தக் கதைகளெல்லாம் ஆண் லாரியில் ஏறியதோடு அவனுடன் சயாமுக்குப் போய்விடுகின்றன. மலேசியத் தமிழில் இதைப் பற்றி முக்கியமான நாவல்கள் வந்திருக்கின்றன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இரண்டும் அரசுகள் செய்யாத வேலையைச் செய்தவை. நம் வகுப்பறைகளில் அவை இன்னும் பரவலாக வாசிக்கப்பட வேண்டும். என்றாலும், லாரி போன பிறகு லயத்தில் நின்றவளுக்கு என்ன ஆனது என்ற கேள்வி வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பத்தியைத் தாண்டுவதில்லை.

*

காஞ்சனபுரியில் முதலில் எங்களைப் போர்க் கல்லறைக்கு அழைத்துப்போனார்கள். மழையில் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பச்சைப் புல், வரிசை பிசகாத கற்கள், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பூச்செடி. ஏறத்தாழ 7,000 பேர். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. சில கற்களில் குடும்பத்தார் எழுதச் சொன்ன ஒரு வரி. இருபத்து மூன்று, இருபத்தைந்து, பத்தொன்பது என்று வயதுகளைப் படித்துக்கொண்டே போனபோது எங்களில் சிலருக்குக் கண் கலங்கியது. அந்தப் பையன்களுக்காக அழுததில் தவறில்லை. அவர்களும் கொல்லப்பட்டவர்கள்தான். ஆனால் அந்தக் கற்களுக்கு நடுவே ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயரைத் தேடிப் பயனில்லை. அது படைவீரர்களின் கல்லறை. கூலி என்பவன் படைவீரன் அல்ல.

அடுத்து ஆற்றங்கரையில் ஓர் அருங்காட்சியகம். 1977இல் ஒரு புத்தக் கோயில் வளாகத்தில் தொடங்கப்பட்டது, பெயர் ஜீத். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும், தாய்லாந்து, ஹாலந்து. இந்த நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். வழிகாட்டி இதை ஒரு புதிர் போலச் சொல்லி எங்களை விடை சொல்லச் சொன்னார். மலாயாவுக்கும் பர்மாவுக்கும் ஜாவாவுக்கும் தமிழருக்கும் அதில் எழுத்து இல்லை. அதிகம் செத்தவர்களுக்கு ஒரு எழுத்துகூட இல்லாத பெயர் அது. யாரும் சதி செய்து அப்படி வைத்திருக்கமாட்டார்கள். நினைவுக்கு வந்த நாடுகளை எழுதியிருப்பார்கள். யார் நினைவுக்கு வருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

பிறகு பாலம். அங்கே குடையும் பனியனும் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1957இல் வந்த ஹாலிவுட் படத்தால் உலகப் புகழ் பெற்ற பாலம் அது. அந்தப் படம் இங்கே எடுக்கப்படவில்லை, இலங்கையில் கித்துல்கலவில் களனி ஆற்றின்மீது பாலம் கட்டி எடுத்தார்கள். படத்தில் பாலம் கட்டுகிறவர்கள் வெள்ளைக் கைதிகள். படத்தைப் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் நதிப் பாலம் எங்கே என்று கேட்க, உண்மையில் பாலம் நின்றது மே குளோங் ஆற்றின்மேல் என்பதால், 1960இல் ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவாய் யாய் என்று பெயரை மாற்றினார்கள். படத்துக்காக ஓர் ஆறே பெயர் மாறியிருக்கிறது. இறந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர்களைத் தேடி எழுத மட்டும் யாரும் இல்லை.

பாலத்துக்குச் சற்றுத் தள்ளி ஜப்பானிய ராணுவம் 1944இல் எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. அதன் பலகைகளில் பல மொழிகள், அவற்றுள் தமிழும் ஒன்று. கொன்றவர்கள்தான் முதலில் தமிழில் எழுதி வைத்தார்கள்! போருக்குப் பின் வந்த வெற்றியாளர்களுக்கு அது தோன்றவில்லை.

*

வழிகாட்டியின் பட்டியலில் இல்லாத ஓரிடத்துக்குப் போகக் கேட்டேன். போர்க் கல்லறையை அடுத்து வாட் தாவோர்ன் வராரம் என்ற பௌத்தக் கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த இடம் அங்கே உண்டு. 2024இல் தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியால் அங்கே ஒரு நடுகல்லும் நாட்டப்பட்டிருக்கிறது. அரைமணி நேரம்தான் தரமுடியும் என்றார்கள். ஐந்து பேர் இறங்கினோம். மற்றவர்கள் மழைக்குப் பயந்து பேருந்திலேயே இருந்தார்கள்.

அந்தக் கல்லை நாட்டியவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். எண்பது ஆண்டுகள் யாரும் செய்யாததைச் செய்திருக்கிறார்கள். ஆனால் தமிழ் படித்தவள் என்பதால் அந்தக் கல்லின் முன்னால் எனக்கு வேறு ஒன்றும் தோன்றியது. கல்லைத் தேர்வதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை நடுகல்லுக்குத் தொல்காப்பியம் படிப்படியாக முறை சொல்கிறது. நிரை மீட்கப் போய் விழுந்தவனுக்குக் கல் உண்டு, அதில் அவன் பெயர் உண்டு. பெண்ணுக்கும் நம் மரபில் கல் உண்டு. ஆனால் பெரும்பாலும் அவள் கணவனோடு எரிந்திருக்க வேண்டும். சதிக்கல் என்று ஊர் ஊராக இருக்கிறது. பத்தினிக் கடவுளுக்கு இமயத்திலிருந்து கல் கொண்டுவந்த கதையை நாம் பெருமையாகப் பாடம் நடத்துகிறோம். கணவன் போன பிறகும் உயிரோடு இருந்து, பிள்ளைகளை வளர்த்து, நாற்பது ஆண்டு காத்திருந்தவளுக்கு எங்கும் கல் இல்லை. செத்தால்தான் பெண் நினைவுக்குரியவள் ஆகிறாள்.

காத்திருப்பதற்கு நம் இலக்கணத்தில் ஒரு திணையே இருக்கிறது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதன் பெரும்பொழுது கார்காலம். மழை தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிப் போன தலைவன், மழை வந்தும் வராத தலைவன், ஆற்றியிருக்கும் தலைவி. கடைசியில் அவன் வந்துவிடுவான், தேர்மணி கேட்கும். ஆண்டுதோறும் மாணவிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். 1943இல் மாசியிலும் பங்குனியிலும் மூன்று மாதம் என்று சொல்லிப் போனவர்களை மழைக்கு முன் எதிர்பார்த்துப் பேராக்கிலும் சிலாங்கூரிலும் நின்ற பெண்களுக்குத் தேர்மணி கேட்கவே இல்லை. அவர்கள் காத்திருந்த அதே மழையில்தான் அங்கே காலரா பரவியது. 'கற்பு' என்றும் 'ஆற்றியிருத்தல்' என்றும் இந்தக் காத்திருப்பைப் புகழ்ந்த நாம், அதற்கு அவள் கொடுத்த விலையைக் கேட்கவில்லை.

*

டீச்சரம்மாவின் ஆயாவுடைய கதையை அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.

பேராக்கில் ஒரு தோட்டம். 1943 தொடக்கத்தில் தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். ஆயாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கலாம், மகளுக்கு ஐந்து. போர் முடிந்து சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். தாத்தா வரவில்லை. செத்ததைப் பார்த்தேன் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. ஆயா ஒன்றரை வருடம் பார்த்தாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிச் செய்யாறு பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்துவிட்டாள்.

ஊரில் முதல் கேள்வி, தாலியைக் கழற்றுவதா வேண்டாமா. கழற்றச் சொன்னார்கள் மாமியார் வீட்டார். உயிரோடு இருந்தால் என்ன செய்வீர்கள் என்றாள் ஆயா. கழற்றவில்லை. அதனால் அவள் விதவையும் ஆகவில்லை, சுமங்கலியாகவும் யாரும் ஏற்கவில்லை. கலியாண வீட்டில் மஞ்சள் இடிக்கக் கூப்பிடமாட்டார்கள். பொட்டு வைத்தால் ஊர் பேசும், வைக்காவிட்டால் மாமியார் பேசுவாள். பங்கு நிலத்தைக் கேட்டபோது, புருஷன் செத்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். எழுபதுகளில் விதவை உதவித்தொகைக்கு எழுதிப்போட்டாள். அங்கேயும் அதே கேள்வி, கூடவே கழுத்தில் தாலி இருக்கிறதே என்ற கேலி. ஏழு ஆண்டுகளாகத் தகவல் இல்லாதவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவு அப்போது சொன்னது. அந்தச் சட்டத்தை அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை. 1979இல் தாலியோடுதான் இறந்தாள். சுமங்கலியாகத்தான் எடுக்கவேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள், நடந்தது. "எங்க ஆயாவுக்கு ஊரு குடுத்த ஒரே மரியாதை அதான்," என்றார் டீச்சரம்மா.

போன அன்றே செத்தவனின் மனைவிக்கு ஒரு நாள் அழுகை. காணாமல்போனவனின் மனைவிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. இது 1943உடன் முடிந்த கதையும் அல்ல. கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களின் மனைவிகள் கன்னியாகுமரியில் இதே சான்றிதழுக்கு அலைந்திருக்கிறார்கள். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவிமாரும் 2017 முதல் தெருவோரக் கொட்டகைகளில் படங்களை ஏந்தி உட்கார்ந்தார்கள். செத்தார் என்று எழுதிக்கொடுத்தால் இழப்பீடு தருகிறோம் என்பதை ஏற்க மறுத்தவர்கள் அவர்கள். 'காணாமற்போனமைச் சான்றிதழ்' என்று ஒன்றை அங்கே 2016இல் சட்டமாக்கினார்கள். செத்தார் என்று சொல்லாமலே குடும்பத்தின் சொத்து, உதவி விவகாரங்களைப் பார்த்துக்கொள்ள அது வழிசெய்கிறது. காகிதம்தான், போதாது. ஆனால் அப்படி ஒரு காகிதம் ஆயாவிடம் இருந்திருந்தால் நிலம் கிடைத்திருக்கும்.

இழப்பீட்டுக் கணக்கும் இருக்கிறது. 1967இல் ஜப்பானும் மலேசியாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 25 மில்லியன் வெள்ளி மதிப்புக்குக் கப்பல்களாக வந்தது. போர்க்காலக் கணக்கு அத்தோடு தீர்ந்ததாக அரசுகள் எடுத்துக்கொண்டன. லயத்து வீடுகளில் யாருக்கும் எதுவும் போய்ச் சேரவில்லை. 1931இல் மலாயாவில் ஆறு லட்சத்து இருபதாயிரம் அளவில் இருந்த இந்தியர் தொகை, 1947 கணக்கெடுப்பில் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. முப்பதுகளின் மந்தத்தில் ஊர் திரும்பியவர்களும் அந்தக் குறைவில் உண்டு. சயாமில் விழுந்தவர்களும் உண்டு.

*

மாலையில் எங்களை அந்தப் பாதையிலேயே ரயிலில் ஏற்றினார்கள். இன்று நாம் தோக் வரைதான் ஓடுகிறது. மரப் பெஞ்சு, திறந்த ஜன்னல், சாரல் உள்ளே அடித்தது. தாம் கிராசே என்ற இடத்தில் பாறையை ஒட்டி, ஆற்றின் விளிம்பில், மரச் சட்டங்கள் தாங்கும் பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்து போகும். எல்லோரும் செல்பேசியை நீட்டிப் படம் எடுப்பார்கள், நாங்களும் எடுத்தோம். கீழே ஆறு செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது.

அந்த வண்டியில் உட்கார்ந்தபோது இன்னொரு நாள்கணக்கு நினைவுக்கு வந்தது. 1943 அக்டோபர் 17இல் இந்தத் தண்டவாளங்கள் இணைந்தன. நான்கே நாள் கழித்து, அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். அக்டோபர் 22இல் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைவி லட்சுமி சுவாமிநாதன், சென்னையில் மருத்துவம் படித்தவர். படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். நாற்பது காசுக் கூலிக்குப் பால் வெட்டியவர்கள் கால்சட்டை போட்டுத் துப்பாக்கி பிடித்தார்கள். நம் வரலாற்றில் பெண்கள் அப்படி எழுந்து நின்ற தருணங்கள் குறைவு, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் பர்மா போர்முனைக்குப் போகவும் 1945இல் தோற்றுத் திரும்பவும் அந்தப் படைக்கு இந்த ரயில்பாதைதான் வழி. அந்தப் பெண்களில் சிலரின் அப்பாவோ அண்ணனோ இந்தக் கரையில் எங்கோ புதைந்திருக்கக்கூடும். அவர்களைப் புதைத்த ராணுவம்தான் இவர்களுக்குக் கூட்டாளி. விடுதலையின் ரயிலும் மரணத்தின் ரயிலும் ஒரே தண்டவாளத்தில் ஓடின.

ராணிப் படையில் சேர்ந்தவளை நாம் வரலாறு என்கிறோம். லயத்தில் இருந்து மரவள்ளி தோண்டியவளைக் குடும்பக் கதை என்கிறோம். ஒரே தோட்டத்தின் ஒரே பெரட்டில் நின்ற இரண்டு பெண்கள் அவர்கள். பெண்களின் வரலாறு எழுதுகிறோம் என்று சொல்லும் நாமும் சீருடை போட்டவளைத்தான் முதலில் தேடிப்போகிறோம். அவளைத் தேடுவது எளிது, அவளுக்குப் புகைப்படம் இருக்கிறது. மற்றவளைத் தேட வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் பேச வேண்டும். பதினான்கு ஆண்டுகளாக ஒரே தெருவில் இருக்கிறோம். ரேஷன் கடை, தண்ணீர் லாரி, கிளாம்பாக்கத்துக்குப் பேருந்து நிலையம் போனது எல்லாம் பேசியிருக்கிறோம். இதைக் கேட்டதில்லை. நான் முனைவர் பட்டத்துக்காக ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஆவணம் நாலு வீடு தள்ளி இருந்திருக்கிறது.

*

அன்று அக்டோபர் 2. நாங்கள் காந்தி ஜெயந்தி விடுமுறை என்று மட்டும் நினைத்திருந்தோம். டீச்சரம்மாவுக்கு அது மகாளய அமாவாசை. இறந்த நாள் தெரியாதவர்களுக்கும் சேர்த்துப் படைக்கும் நாள். சுற்றுலாத் தேதிகளை அவர் ஏன் அத்தனை முறை கேட்டு உறுதி செய்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

ரயிலை விட்டு இறங்கிப் பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் ஆற்றுப் படித்துறை வரை போனார். நான் குடை பிடித்தேன். கைப்பையிலிருந்து வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் எள், ஒரு பொட்டலம் அரிசி, ஒரு துண்டு மரவள்ளிக் கிழங்கு எடுத்தார். கிழங்கு எதற்கு என்று கேட்டேன். "ஆயா ஜப்பான்காரன் காலம் முழுக்க அதத்தான தின்னுச்சு. அதுக்கும் சேத்துதான்."

"பொம்பளைங்க இதெல்லாம் செய்யக்கூடாதும்பாங்க" என்றார் பிறகு, என்னைப் பார்க்காமல். "எங்க ஆயாவுக்கு ஆம்பளப் புள்ள இல்ல. எங்கம்மாவுக்கும் நான் ஒருத்திதான். வேற யாரு செய்வா?"

தாத்தாவின் பெயரைச் சொன்னார். ஆயாவின் பெயரையும் சொன்னார். எள்ளும் அரிசியும் செம்மண் தண்ணீரில் உடனே மறைந்துவிட்டன. கிழங்கு மட்டும் கொஞ்ச தூரம் மிதந்து போனது. பேருந்திலிருந்து வழிகாட்டி கைதட்டிக் கூப்பிட்டார்.

ஊர் திரும்பிய பிறகு என் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் கடல்கடந்து போய்த் திரும்பாதவர் யாராவது உண்டா என்று பாட்டியிடம் கேளுங்கள். போனவரின் பெயரை எழுதுங்கள், காத்திருந்தவளின் பெயரையும் எழுதுங்கள் என்றேன். முப்பத்தெட்டு பேர் வகுப்பில் ஐந்து பேர் எழுதிக்கொண்டு வந்தார்கள். இரண்டு தாள்களில் தாத்தாவின் பெயர் இருந்தது, பாட்டியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பாட்டி' என்று மட்டும் இருந்தது. திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.